கருங்கல்பாளையத்திலிருந்து கெல்லிவில் வரை ஒரு கயிறு

சிட்னிப் புறநகரான கெல்லிவில்லில் கல்யாணசுந்தரம் வீட்டுக்கு மருமகன் வந்து இறங்கியபோது அவருடைய இடுப்பில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை ஈரோடு கருங்கல்பாளையத்தில் அவருடைய கடைத் தூணில் கட்டியிருந்தது. நடுவில் எங்கும் அறுபடவில்லை. அன்று தெருவில் குப்பைத் தொட்டிகளை வெளியே வைக்கும் நாள் என்பதால் பார்த்தவர்கள் பலர். சிவப்பு மூடித் தொட்டிக்கும் மஞ்சள் மூடித் தொட்டிக்கும் நடுவே கயிறு போவதைக் கண்டு, தொட்டியைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, குளிராக இருந்ததால் உள்ளே போய்விட்டார்கள்.

மருமகன் பெயர் செந்தில்நாதன். வியாழக்கிழமைதோறும் கூடும் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருப்பவர். தலைக்கயிறு, மூக்கணாங்கயிறு, தும்பு, சாட்டை எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் போகும் நல்ல கடை. கல்யாணசுந்தரத்தின் ஒரே மகள் யாமினி கெல்லிவில்லில் வளர்ந்து மாட்டு டாக்டருக்குப் படித்தவள். நாட்டு மாடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஈரோடு போனவள் ஒரு தலைக்கயிறு வாங்க அந்தக் கடைக்குப் போய், வெயில் தாழும்வரை பேரம் பேசி, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, அடுத்த தையில் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள். அவள் தோற்ற ஒரே பேரம் அது என்று தாய் பத்மா சொல்வாள். ஜெயித்த ஒரே பேரம் என்று யாமினி சொல்வாள். ஊரே ஆஸ்திரேலியாவுக்குப் போக வரிசையில் நிற்கும்போது ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருத்தி கருங்கல்பாளையத்துக்குக் குடிவந்ததைச் சந்தையில் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு அவள் மாட்டுக்கு ஊசி போடும் கை சுத்தமானது என்று தெரிந்ததும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

கயிறு வந்த கதை ஒரு விசா மறுப்பில் தொடங்குகிறது. ஆனி மாதத்தில் கல்யாணசுந்தரத்துக்கு அறுபதாம் கல்யாணம். மகன் இல்லாத வீடு. மகளும் மருமகனும் சேர்ந்து நின்று கலசத் தண்ணீர் ஊற்றினால்தான் சடங்கு நிறையும். நட்சத்திரம் பார்த்து வைத்த நாள் யாருக்காகவும் தள்ளிப் போகாது. ஆகவே மருமகனுக்குப் பார்வையாளர் விசா போட்டார்கள். அழைப்புக் கடிதத்தைக் கல்யாணசுந்தரமே எழுதினார். மழைநீர்க் கால்வாய் எஞ்சினியரான அவர், ஒரு புயல் மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வார். ஆனால் விருந்தினர் எப்போது திரும்புவார் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மருமகனைப் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது அவர் வளர்ந்த கோபிப் பக்கத்தில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். அங்கே மருமகன் பையைத் தூக்கினால் மாமனார் செருப்பை ஒளித்து வைப்பார். எனவே அவர், 'எங்கள் மாப்பிள்ளை எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், இது அவர் வீடு' என்று எழுதி, கீழே அழுத்தமாகக் கோடும் போட்டார். வந்தவர் திரும்பிப் போவார் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று பதில் வந்தது. இவ்வளவு மரியாதையாக அழைத்தும் மறுக்கிறார்களே என்று அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

பத்மா ஆச்சரியப்படவில்லை. ஈரோடு ஜவுளிச் சந்தையில் துண்டும் லுங்கியும் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் சரக்கைத் தொடும் விதத்தை வைத்தே வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவாள். சிட்னியில் ஒரு மருத்துவமனைக் கொள்முதல் பிரிவில் அவள் இருந்தாள். கையுறை விற்க வருகிறவர்கள் லிஃப்டிலேயே விலையைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டாவது முறையும் மறுத்தால் அறுபதாம் கல்யாணம் மட்டுமல்ல, இனி எந்தத் தீபாவளிக்கும் மருமகன் இந்த வாசலை மிதிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மருமகன் வராத வீட்டுக்கு மகள் எத்தனை தடவை தனியாக வருவாள்? காரியத்தை அவளே கையில் எடுத்துக்கொண்டு ஈரோட்டுக்கு வீடியோவில் பேசினாள்.

"மாப்பிள்ளை, வரோணும்னு ஆசையா இருக்குதுன்னு ஒரு வரி எழுதப்படாது. ஆசைப்படறவனக் கண்டாத்தான் அவங்களுக்குப் பயம். அங்க எதப் போட்டுட்டு வாரீங்க, அதச் சொல்லுங்க."

"கடை இருக்குதுங்க அத்தை."

"கடை ஆருக்குத்தான் இல்ல? நீங்க இல்லீனா அந்தக் கடை என்னாகும்?"

செந்தில்நாதன் தம்பி ஈஸ்வரமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடியில அந்தியூர்த் தேருக்குக் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை கூடுமுங்க. வருசத்துல பெரிய வியாபாரம். இவன நம்பி அத உட்டா, கயித்த எல்லாம் கடனுக்குக் குடுத்துப்போட்டு வந்துருவானுங்க."

"இதச் சொல்றதுக்கு இத்தன நேரமா? அந்தியூர்ல கடை போட எடம் எடுத்த ரசீத அனுப்புங்க."

அந்த ரசீதை அனுப்பிய அன்று அவருடைய இடுப்பில் ஒரு புரி நார் சுற்றியிருந்தது. கயிற்றுக் கடைக்காரருக்கு உடம்பில் நார் ஒட்டுவது புதிதல்ல, தட்டிவிட்டார், போகவில்லை. கடை வரிப்பதிவு போனதும் இன்னொரு புரி வந்தது. யாமினியின் மாட்டு மருத்துவமனையில் மழைக்காலம்வரை அவளுக்கு எழுதி வைத்திருந்த வேலைநாள் பட்டியல், வியாபாரிகள் சங்கத்தில் அவர் பொருளாளர் என்பதற்கான தீர்மானம், சொந்த வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகப் போகப் போக, ஒவ்வொரு புரியாகத் தானே முறுக்கிக்கொண்டு, கடைசியில் எருமையே அறுக்க முடியாத கயிறு ஒன்று ஆயிற்று. அதன் நுனி தரையில் ஊர்ந்து போய்க் கடையின் முன்தூணில் முடிச்சுப் போட்டுக்கொண்டது. முடிச்சைப் பார்த்த சந்தைக்காரர்கள், நல்ல முடிச்சு என்றார்கள். அதற்குமேல் கேட்கவில்லை.

கெல்லிவில்லில் அதைவிடப் பெரிய சிக்கல் கல்யாணசுந்தரம்தான். புதிய அழைப்புக் கடிதத்தில் வரும் தேதியும் போகும் தேதியும் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினாள் பத்மா.

"மாப்பிள்ளைக்குத் தேதி போட்டுக் கூப்படறதா? இது என்ன லாட்ஜா?"

"ஏனுங்க, சும்மா கையெழுத்துப் போடுங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம்."

"என் கை போடாது."

அவர் கை போடவில்லை. தன் பெயரில் அவளே போட்டாள். முதல் பக்கத்திலேயே, ஒரு தடவை மறுத்தீர்கள், மறுத்தது நியாயம், இதோ அப்போது நாங்கள் சொல்லாமல் விட்டவை என்று எழுதினாள். பழுதை முதலில் தானே காட்டினால் வாங்குகிறவர் மிச்சத்தைப் புரட்டிப் பார்க்க மாட்டார் என்பது அவளுடைய அப்பா சந்தையில் செய்து காட்டிய வித்தை. பிரதிகளுக்கு முத்திரை வைக்க, நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்குப் போனாள். அங்கே மசாலாக் கடை வைத்திருந்த தவம் அண்ணன் ஜே.பி., அதாவது பிரதிகளுக்குச் சான்று தர அரசு அதிகாரம் கொடுத்தவர்; கல்லாவுக்குப் பக்கத்திலேயே முத்திரையும் வைத்திருப்பார். மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் குத்தினார். கயிற்றைப் பற்றி அவள் சொன்னதும் கை நின்றது.

"ஓம் அக்கா, உங்கட மருமகன் குடுத்து வைச்சவர். நாங்கள் வரேக்கை கட்டிப்போட்டு வரக் கயிறும் இருக்கேல்லை, தூணும் இருக்கேல்லை. திரும்பிப் போவியளோ எண்டு எங்களையும் கேட்டவைதான். எங்கை போறது?"

பத்மா அலமாரிப் பக்கம் திரும்பினாள். இரண்டு கிலோ மிளகாய்த்தூள் வாங்கினாள். முதல்முறையாகப் பேரம் பேசவில்லை.

விசா வந்தது. அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் இருக்கவே வந்தது. கயிறு கடல்மேல் எப்படி வந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. விமானத்தில் பணிப்பெண் அதை நடைபாதையில் கிடத்தாமல் இருக்கைக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். சிட்னி விமான நிலையத்தில் செடி கொடி மரப்பொருள் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு யாமினி அவரை ஆம் என்று போட வைத்திருந்தாள். சோதனை அதிகாரி கயிற்றை முகர்ந்தார், பிரித்தார், பூச்சி உண்டா என்று விளக்கடித்துப் பார்த்தார். இது எதிலாவது கட்டியிருக்கிறதா என்று கேட்டார். கடையில் என்று செந்தில்நாதன் சொன்னார். காய்ந்த நார்தான், போகலாம் என்றார் அதிகாரி. யாமினியின் பெட்டியிலிருந்த மாவடு ஊறுகாய்க்குத்தான் வெகுநேரம் ஆயிற்று.

சடங்கு கொல்லைப்புறத்தில் நடந்தது. ஆனி அங்கே குளிர்காலம், ஐயர் சட்டைக்குமேல் சட்டை போட்டுக்கொண்டு மந்திரம் சொன்னார். தோரணம் கட்ட வேறு கயிறு வாங்கவில்லை. மாவிலையெல்லாம் கருங்கல்பாளையத்துக் கயிற்றிலேயே தொங்கியது. மகளும் மருமகனும் கலசத் தண்ணீர் ஊற்றியபோது கல்யாணசுந்தரம் நடுங்கியதற்குக் குளிர் பாதிக் காரணம். பத்மா எதிரே உட்கார்ந்து, கடைசி வரவும் பதிந்தாயிற்று என்ற முகத்தோடு தாலியைக் கட்டிக்கொண்டாள்.

கணக்கு அங்கேதான் இடறியது. கல்யாணசுந்தரத்துக்கு மருமகனை விட மனம் வரவில்லை. தான் கட்டிய கால்வாய்களைக் காட்டினார், சிட்னிக்குப் பக்கத்து நீலமலைக்குக் கூட்டிப்போனார், ஹரிஸ் பார்க்கில் சுடச்சுட ஜிலேபி வாங்கி ஊட்டாத குறையாகக் கொடுத்தார். தினமும் சாப்பாடு முடிந்ததும், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமுங்க மாப்பிள்ளை" என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் கயிறு ஒரு தடவை விறைக்கும். யாரும் கவனிக்கவில்லை, ஈஸ்வரமூர்த்தி கூப்பிடும்வரை.

"அண்ணா, கடை நகருதுங்கண்ணா. டீக்கடைக்கு முன்னால இருந்தோம், இப்பப் பின்னால இருக்கறோம்."

"எந்தப் பக்கமாடா நகருது?"

"காவேரிப் பக்கமாங்கண்ணா. மாடு கழுவ வாரவங்களுக்குப் பக்கம்னு வியாபாரம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இப்படியே போச்சுன்னா பரிசல்லதான் கடை வெக்கோணும்."

பத்மாவுக்குப் புரிந்துவிட்டது. கயிறு ஒன்று, இழுப்பவர்கள் இரண்டு பக்கம். இங்கே மாமனார் இழுக்க இழுக்க அங்கே கடை வருகிறது. கணவரிடம் சொன்னாள். அவரோ, தங்கும் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேராவிட்டால் அடுத்த தடவை எந்தக் கடைக்காரன் நம்புவான் என்று கேட்டாள். மாப்பிள்ளை சரக்கல்ல என்றார். அவளே மருமகனிடம் நேராக எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தாள், கயிறு அசையவில்லை. மாமியார்கள் அதைக் கேட்பது உலக வழக்கம், அதைக் கயிறு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. செந்தில்நாதனாலும் வாயைத் திறக்க முடியவில்லை. மாமனார் இருங்கள் என்று சொல்லும்போது கிளம்புகிறேன் என்பது அவர் பக்கத்து மரியாதையில் இல்லை. பையைக் கட்டி வைத்திருந்தார். செருப்பைக் காணவில்லை.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் ஈஸ்வரமூர்த்தி வீடியோவில் வந்தான். கடையின் முன்படி படித்துறையில் நின்றது. கீழ்க்கல்லைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்தியூர்ச் சந்தைக்குக் கட்டி வைத்த கயிற்று மூட்டைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினான். கல்யாணசுந்தரம் செல்போனை வாங்கிப் பார்த்தார். தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். பிறகு மருமகனைப் பார்த்தார். சட்டைக்குமேல் கயிறு இறுகி, அவர் மூச்சைப் பாதி பாதியாக விட்டுக்கொண்டு, அப்படியும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணசுந்தரம் சோபாவின் நுனிக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். இன்றைக்குக் குளிர் கொஞ்சம் குறைவு என்றார். ஆமாங்க மாமா என்றார் மருமகன். பத்மா சமையலறையில் குழாயை மூடினாள்.

"மாப்பிள்ளை," என்றார். "எப்பக் கிளம்பறீங்க?"

செந்தில்நாதன் முகத்தில் வந்த நிம்மதியை யாமினி தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"இன்னைக்கு மத்தியானமுங்க மாமா."

"சரி. போய்ட்டு வாங்க."

கயிறு தளர்ந்து, வண்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட தும்புபோலக் கம்பளத்தில் விழுந்தது. ஈரோட்டில் கடை டீக்கடைக்கு முன்னால் பழைய இடத்துக்குப் போய் நின்றது. உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிந்தாமல் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணசுந்தரம் ஏணி போட்டுக் கராஜ் கூரையிலிருந்து செருப்பை எடுத்து வந்து மருமகன் காலடியில் வைத்தார்.

அந்த வருடம் அந்தியூரில் நல்ல வியாபாரம். அடுத்த தீபாவளிக்குப் பத்மா எழுதிய விண்ணப்பம் ஒரே பக்கம். போன தடவை சொன்ன தேதிக்குப் போனார், இந்தத் தடவையும் போவார் என்றுதான் இருந்தது. மறுபேச்சில்லாமல் விசா வந்தது. அதற்குப் பிறகு ஒரு விசாவும் மறுக்கப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் விமான நிலைய வாசலிலேயே, மருமகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருமுன், கல்யாணசுந்தரம் எப்பக் கிளம்பறீங்க என்று கேட்டுவிடுவார், கேட்டபிறகுதான் கட்டிப்பிடிப்பார்.

முதல் தடவை கிளம்பும்போதே செந்தில்நாதன் கயிற்றைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கெல்லிவில் வீட்டுத் தபால்பெட்டிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் சுமந்து வருவானேன் என்பது அவர் கணக்கு. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, நடப்பவர்கள் தடுக்கிவிடாமல் இருக்க ஒரு சிவப்புத் துணி கட்டச் சொன்னார். பத்மா தன் அப்பா கடைத் துண்டு ஒன்றைக் கட்டினாள். இப்போது அந்தக் கயிற்றில் வெள்ளைக் கிளிகள் வந்து உட்காருகின்றன. தபால்காரர் குனிந்து போகிறார். வியாழக்கிழமைகளில் அது லேசாக அதிரும். கல்யாணசுந்தரம் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்து, முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிச் சொல்வார்: "பத்மா, சந்தை கூடிருச்சு."