நாலாவது பிளக்

மறுநாள் மலைப்பாதையில் கார் பந்தயம். அண்ணன் ஓட்டப்போகிறான். வண்டியில் பெரிய டர்போவைப் பொருத்தியவன் நான்.

டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. அந்தக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அது ஒரு வளைவில் நடந்தால், சக்கரத்துக்கு அடியில் எண்ணெய், பக்கத்தில் பள்ளம். இதை நினைக்காமல் என்னால் ஒரு திருகைக்கூட முறுக்க முடியவில்லை.

அதனால் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக மாற்றினேன். வேறு வண்டியில் ஓடியவைதான், ஆனால் கழுவிச் சோதித்தவை என்றார் விற்றவர். குழாயைப் பெரிதாக்கிவிட்டு மோட்டாரை அப்படியே விட முடியுமா? பம்பையும் மாற்றினேன். புதுப் பம்ப் கரண்டை அதிகம் இழுக்கும் என்று தடித்த ஒயர் போட்டேன்.

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று லேப்டாப்பில் அளந்து வைப்பது அண்ணியின் வேலை. சக்கரம் மட்டும் சுழல, சோதனை உருளைகள் மேல் வண்டியை ஏற்றி, நின்ற இடத்திலேயே அண்ணன் முழுசாக மிதித்தான். பட்டறைத் தகரம் அதிர்ந்தது. காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் போகிறதா என்று புகைக்குழாயில் செருகிய சென்சார் காட்டிய எண் கச்சிதமாக இருந்தது. எஞ்சினை அணைத்ததும் முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல பழுப்பு; பெட்ரோல் போதாவிட்டால் வெளுத்திருக்கும்.

“போதும்டா, சும்மா நோண்டாத. வண்டிய லாரில ஏத்து,” என்றான் அண்ணன்.

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மத்த மூணையும் பாத்தியா?”

“முதல் பிளக்தான் அண்ணி சுலபமா கைக்கு எட்டும். எப்பவும் அதத்தான் பாப்பேன்.”

“நாலாவது?”

“அது டர்போ குழாய்க்கு அடியில இருக்கு. எல்லாத்தையும் கழட்டணும்.”

“சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் கலந்துதானே ஒரு எண் சொல்லுது. நாலுல ஒண்ணு பட்டினி கிடந்தா அதுக்கு எப்படித் தெரியும்?”

“நம்ம வீட்ல பட்டினி கிடக்கிறது யாருன்னு உனக்குத் தெரியாதாக்கும்,” என்று அண்ணன் சிரித்தான்.

“உங்க தொப்பையப் பாத்தா அப்படித் தெரியலையே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சின் ஆறக் காத்திருந்தோம். சூடான இரும்பு சுருங்கும்போது எழும் டிக் டிக் சத்தம் மட்டும். குழாயைக் கழற்றி, கையை உள்ளே நுழைத்து, நாலாவது பிளக்கை எடுத்தேன்.

சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பெட்ரோல் ஆவி வெளியேறப் பட்டறைக் கதவுகளை அகலத் திறந்தோம். தீயணைக்கும் சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டேன். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றின் கீழும் ஒரே அளவான கண்ணாடி பாட்டிலை வைத்து, நான்கையும் ஒரே நேரத்தில் பீய்ச்சவிட்டேன். மூன்று பாட்டில்கள் ஒன்றுபோல நிரம்பின. நாலாவது ஒரு விரற்கடை பின்தங்கி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறிவிடாதா என்றிருந்தது.

அண்ணன் மெதுவாகக் கேட்டான். “கம்ப்யூட்டர்ல அதுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா?”

“இன்னிக்கு இவ்வளவு கம்மியா தருது. மலை மேல எவ்வளவு தரும்னு அதுக்கே தெரியாது,” என்றார் அண்ணி.

“வேற இன்ஜெக்டர்?” என்றான் அண்ணன்.

“நாளைக்குள்ள கிடைக்காதுண்ணா,” என்றேன். “பழைய சின்ன இன்ஜெக்டரயே போட்டு, டர்போ அழுத்தத்தக் குறைச்சிடலாம்.”

“அப்ப நான் கடைசியாத்தான் வருவேன்.”

அண்ணி லேப்டாப்பை மூடினார்.

“கடைசியாவே வாங்க,” என்றார் அண்ணி. “எத்தனாவதா வந்தா என்ன.”

அண்ணன் நாலாவது பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான். என் மேல்தான் கோபமோ என்று நினைத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான்.

“பழைய சின்ன இன்ஜெக்டரோட ரப்பர் வளையமெல்லாம் காஞ்சிருக்கும். புதுசு எங்க வச்சிருக்க?”

அலமாரியைக் காட்டினேன். அவன் வளையங்களை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.