விதை எடுத்த தக்காளி

மூத்தவளின் வாய்க்கு அந்தத் தெருவில் நாயும் பயப்படும். அப்படிப்பட்டவளின் வாசலில் வருடத்துக்கு ஒரு பருவம் ஆட்கள் வந்து நின்றார்கள் என்றால் அது அவளுக்காக இல்லை, அவள் வளர்த்த காது தக்காளிக்காக. பழத்தின் மேல்பக்கம் மடிப்பு மடிப்பாகக் காது விரித்திருக்கும். ஒருமுறை தின்றவர்களுக்குக் கடைத் தக்காளி அதற்கப்புறம் வெறும் சிவப்புத் தண்ணீர்தான். அது கடையில் விதை வாங்கி வளர்த்த ரகமும் இல்லை. அவளுடைய அப்பா வருடா வருடம் பழத்திலிருந்தே விதை எடுத்து வைத்துக் காப்பாற்றி வந்தது. அப்பா போனதும் அண்ணன்மார் இரண்டு பேரும் வீட்டை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கைக்கு என்ன வேண்டும் என்று பேச்சுக்குக் கேட்டபோது, அவள் அந்த விதைப் பொட்டலத்தைக் கேட்டாள். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

அதனால்தானோ என்னவோ, விதை விஷயத்தில் அவள் மகா கஞ்சம். பழம் தருவாள், விதை தரமாட்டாள். கேட்டவர்களுக்குப் பழத்தை இரண்டாக அறுத்து, விரலை விட்டு உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, வெறும் சதையைத் தட்டில் வைத்து நீட்டுவாள். "தக்காளிக்குப் பிரசவம் பாத்துத்தான் அனுப்புவா" என்று அவள் புருஷனே சொல்வான். அவனுக்கும் அப்படித்தான் கிடைத்தது.

அவளுடைய ஓரகத்தி சின்னவள், புருஷனுடைய தம்பியின் பெண்டாட்டி, பக்கத்துப் பாதியில் இருந்தாள். புருஷன்மார் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வீடு, நடுவில் சுவர். பின்பக்கத் தோட்டத்தில் மட்டும் அந்தச் சுவர் இடுப்பளவோடு நின்றுவிட்டது. சிமெண்ட் தீர்ந்துபோனது என்று ஒரு பேச்சு, தம்பிக்கு மனசு வரவில்லை என்று ஒரு பேச்சு. எப்படியோ, சண்டை போடுவதற்குத் தோதான உயரம்.

போன பருவத்தின் கடைசியில், மூத்தவள் புருஷனின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சுவரோரம் நின்றாள். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிகிற வேலை. கை இரண்டும் சிவந்து ஊறியிருந்தன.

"அக்கா, ஒரு பழம் முழுசா குடுங்க. நானும் நாலு செடி வச்சுக்கிறேன்."

"உன் கையில எது முளைச்சுது, இது முளைக்க?"

கல்யாணமாகி இத்தனை வருடமாகப் பிள்ளை இல்லாதவளிடம் அந்தச் சொல் என்ன செய்யும் என்று மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். சின்னவள் அழவில்லை.

"உங்க வாய் அழுகித்தான் போகும்" என்றாள்.

"அழுகினதுதானே வேணும்? இந்தா, பிடி."

மூத்தவள் காலடியில் கிடந்த அழுகல் பழத்தை எடுத்து வீசினாள். அது சின்னவளின் தோளை உரசிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் அடித்துச் சிதறியது. சின்னவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் தெருமுனையில் திருடர்கள் மாதிரி சந்தித்துக்கொண்டார்கள்.

பேச்சு நின்றதும் மூத்தவளுக்குப் பயம் வந்தது. கேட்டுக் கிடைக்காதவள் எடுக்கத்தானே பார்ப்பாள்? சமையலறை டப்பாவில் விதை இருப்பது ஊருக்கே தெரியும். மூத்தவள் தையல்காரி. புருஷனின் கல்யாணக் கோட்டை எடுத்து, தோள்பட்டைத் திண்டைப் பிரித்து, விதை முழுவதையும் உள்ளே பரப்பித் தைத்து மூடினாள். எங்கே பிரித்தாள் என்று அவளுக்கே தேடினால்தான் தெரியும். அவ்வளவு சுத்தமான தையல். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, அவன் தம்பியிடம் உளறுவான்.

விதைக்கும் பருவம் வந்தது. கோட்டைப் பிரித்தாள், மண்ணைச் சலித்துத் தட்டில் நிரப்பினாள், பாதி விதையைத் தூவினாள். முளைக்கவில்லை. எறும்பு தின்றிருக்கும் என்று மிச்சத்தையும் தூவினாள். அதுவும் முளைக்கவில்லை. மண்ணைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், பக்கத்து வீட்டுக் கண்ணைத் திட்டினாள். கடைசியில் தையல் மெஷின் மேல் பிரிந்து கிடந்த கோட்டைப் பார்த்துவிட்டுப் புருஷன் வாயைத் திறந்தான்.

"இதை ஏன் பிரிச்சு வச்சிருக்க? மேனேஜர் பொண்ணு கல்யாணத்துக்கு ஆபீஸ்லேர்ந்து நேரா இதைத்தானே போட்டுட்டுப் போனேன். அதுக்கு முன்னாடி வெளுக்கக் குடுத்து, ஆவி இஸ்திரி போட்டு வாங்கினேன். தோள் நல்லா நிக்கணும்னு ரெண்டு தடவை அழுத்தச் சொன்னேன்."

மூத்தவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அண்ணன்மார் முன்னால் அழாதவள். பிறந்த வீட்டிலிருந்து வாங்கி வந்த சொத்து அது ஒன்றுதான், அதையும் வேகவைத்தாயிற்று. இனி யாரைக் கேட்பாள்? விதையோடு ஒரு பழத்தை அவள் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லையே.

அப்புறம் ஒருநாள் சுவர் மேல் துணி உலர்த்தும்போது தக்காளி இலையின் வாசனை வந்தது. இத்தனை நாளும் வீம்புக்கு அந்தப் பக்கம் திரும்பாத கழுத்தைத் திருப்பினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. குச்சி நட்டு, விரிப்புத் துணியைக் கிழித்துப் பதமாகக் கட்டியிருந்தது. பழம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப் பை. ஒரு பையின் வாய் விலகிக் காது மடிப்பு தெரிந்தது.

இடுப்பளவுச் சுவர்தான். தாண்டிவிடலாமா என்று மூத்தவள் நினைக்காமல் இல்லை. ஆனால் பைகளின் முடிச்சைப் பார்த்தாள், சின்னவள் எண்ணி வைத்திருப்பாள் என்று புரிந்தது. புருஷனைத் தூது அனுப்பினாள். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"மாட்டேன்னு சொல்லலை. உன்னை வந்து கேக்கச் சொன்னா."

போனாள். பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, ஏதோ தோட்ட வேலையாக வந்தவள் மாதிரி சுவரோரம் நின்று, ஒரு பழம் வேண்டும் என்று கேட்டாள். சின்னவள் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் இரண்டு பாதியாக அறுத்த காது தக்காளி.

"உங்க வழக்கப்படிதான் எடுத்திருக்கேன். சரியா இருக்கா பாருங்க."

மூத்தவள் இரண்டு பாதியையும் திருப்பிப் பார்த்தாள். ஒரு விதை இல்லை. அவளே வழித்திருந்தாலும் இத்தனை சுத்தமாக வந்திருக்காது.

"நான் அன்னைக்கு சொன்னது தப்பு" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க வாயால கேக்கணும்."

நாயும் பயப்படும் அந்த வாய் இப்போது தட்டைப் பார்த்து முணுமுணுத்தது.

"உன் கையில எது முளைச்சுதுன்னு கேட்டேன்."

"இது முளைச்சுது" என்று சின்னவள் செடியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இருப்பதிலேயே கனிந்து தளர்ந்த பழத்தின் பையை அவிழ்த்துப் பறித்தாள். மூத்தவள் தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"கையில தரமாட்டேன். நீங்க எனக்கு எப்படிக் குடுத்தீங்களோ அப்படித்தான்."

ஈர விரிப்பைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை. பழம் மூத்தவளின் நெஞ்சில் பட்டு உடைந்தது. சாறு கழுத்துக்கும் முகத்துக்கும் தெறித்தது.

"முளைச்சாலும் சொல்ல வேண்டாம், முளைக்கலைன்னாலும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பிய வசவை மூத்தவள் விழுங்கினாள். மண்டியிட்டு, தரையில் சிந்தியதை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சமையலறை ஜன்னலில் சின்னவள் நின்று பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டே எடுத்தாள். சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது புருஷன் எதிரில் நின்றான்.

"என்ன இப்படிக் கறை பண்ணிட்ட? கழட்டிக் குடு, வெளுக்கப் போட்டுடறேன்."

"இதுல கை வச்சீங்கன்னா கையை ஒடிச்சுடுவேன்."

சட்டையில் ஒட்டியதையும் மண்ணிலிருந்து எடுத்ததையும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். வழவழப்பு புளித்துக் கழன்றதும் அலசி, துணியில் பரப்பிக் காயவைத்தாள். காய்ந்த விதையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஒளிப்பது என்று வழக்கம்போல வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். யாரிடமிருந்து ஒளித்தாளோ அவளிடம்தான் இப்போது செடியே இருந்தது. டம்ளரைத் துடைத்து, விதையை அதில் போட்டு, சின்னவள் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பின்பக்க ஜன்னலில் வைத்தாள்.