கால் பாவாத செவலை

முக்கூடலில் சந்தனமாரி பார்த்துக்கொண்ட செவலைப் பசுவுக்கு எட்டு மாசம் கால் தரையில் பாவவில்லை. குளம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கோழி தாராளமாகப் புகுந்து போகும். அதனால் கறவைக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மூணு லிட்டர், சாயங்காலம் ரெண்டு.

பசு அவளுடையது இல்லை. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மாட்டுத் தரகர் நாறும்பூநாதன் அண்ணாச்சியுடையது. பெங்களூரில் மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேத்தியைப் பார்க்க ஆளில்லை என்று கிளம்பியவர், "வாற வரைக்கும் பாத்துக்க தாயி" என்று சித்திரையில் கொண்டுவந்து விட்டார். விற்கிற மாட்டைக் கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று, பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வது நம்ம பக்கத்து வழக்கம். காலமெல்லாம் கயிறு அவிழ்த்த கை சும்மா இருக்குமா? பஸ்ஸுக்கு நேரமான அவசரத்தில் செவலையின் கயிற்றையும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் மனுசன். தன்னை விற்றுவிட்டார் என்று செவலை நினைத்துவிட்டது. வாயில்லாத ஜீவன், அதற்கு என்ன தெரியும்? பஸ் திருப்பத்தில் மறையவும் நாலு காலும் எழும்பின.

சந்தனமாரி புதுக்கயிறு வாங்கிக் கட்டிவிட்டுப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, செவலைக்குக் கால் தரையில பாவமாட்டேங்கு."

"புண்ணாக்கைக் கொஞ்சம் கூட வையி, சரியாப் போகும்" என்றார். பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டார்.

ஆடிக்காற்றில் செவலை முருங்கைக் கிளை உயரத்துக்குப் போய்விட்டது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "ஏட்டி, இறங்குட்டி! நீ போயிட்டேன்னா அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அழாக்குறையாகக் கத்தினாள். செவலை காதை ஆட்டிக்கொண்டு பையக் கீழே வந்தது. பேசினால் இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேசுவதற்கா பஞ்சம்? புருசன் போனதிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்டியா என்று கேட்க ஒரு நாதி கிடையாது. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் பொங்கலுக்குப் பொங்கல்தான் போன் பண்ணுவாள். மடியில் பீடித்தட்டை வைத்து இலையைச் சுருட்டிக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் செவலையிடம் சொன்னாள். கேட்கக் கேட்க அது விரற்கடை விரற்கடையாக இறங்கியது. ஐப்பசி அடைமழையில் குளம்பு புல் நுனியைத் தொட்டது. சந்தனமாரிக்கு அப்படியொரு சந்தோசம். அண்ணாச்சி வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற ஒரே பயம்தான். வாசலில் ஆட்டோ நின்றால் பீடித்தட்டை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

மார்கழிக் கடைசியில் வந்துவிட்டார். பேத்தியைப் பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்தாச்சாம். பையிலிருந்து பழைய கயிற்றை எடுத்துக் கட்டினாரோ இல்லையோ, நாலு குளம்பும் தொம்மென்று தரையில் விழுந்தன. "நல்லா வச்சிருக்கியே!" என்று பூரித்துப்போய் ஒரு சேலையும் மைசூர்பாகும் கொடுத்தார். புதுக்கயிற்றை மரியாதையாக அவிழ்த்து அவள் கையில் வைத்து, "ஒன் கயிறு ஒங்கிட்டயே இருக்கட்டும் தாயி, லட்சுமி போயிரக் கூடாதுல்லா" என்றார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே அண்ணாச்சி என்று கேட்க வந்தவள், கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். செவலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலத்தைப் பார்த்து நடந்தது.

சாயங்காலம் பீடித்தட்டோடு உட்கார்ந்து, "ஏட்டி" என்று ஆரம்பித்துவிட்டாள். அங்கன யார் இருக்கா? தொழுவைத் தூத்துப் பெருக்கிவிடுவோம் என்று எழுந்தபோது அவளுக்குக் கால் பாவவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு சாண் இருந்தது. பதறவெல்லாம் இல்லை. புதுக்கயிற்றின் ஒரு முனையை இடுப்பிலும் மறுமுனையைச் செவலையைக் கட்டின முளையிலும் கட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே தட்டை மடியில் வைத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள். யாராவது உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினால் இறங்கிவிடுவாள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்கு வேலை கிடக்கிறது. காற்று பலமாக அடிக்கிற நாட்களில் மட்டும், அந்த வழியாகப் போகிறபோது, முளையில் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறோம்.