கொழுந்தன் பேர்

காலையில் கணினியைத் திறந்ததுமே நூலகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மின்னிதழ் ஒன்றுகூடத் திறக்கவில்லை. யாரோ ஒரே கடவுச்சொல்லில் மூட்டை மூட்டையாகக் கட்டுரைகளை இறக்கியிருக்கிறார்கள். அவற்றை வெளியிடும் பதிப்பகம், பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் கதவைச் சாத்திவிட்டது.

யாரென்று தேடிப் பார்த்தால், சொந்தக் கொழுந்தன்! ஆராய்ச்சி மாணவன். தானாகவே இறக்கிக்கொள்ளும் நிரலை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கணக்கை முடக்கினாள். ஆளை வரவழைத்து, இறக்கியதையெல்லாம் தன் கண்ணெதிரே அழிக்க வைத்தாள். அவன் பக்கத்தில் நிற்கும்போதே பதிப்பகத்துக்கு போன் போட்டாள்.

"ஆள் பேரைச் சொல்லுங்க, திறந்துவிடறோம்" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"கணக்கை மூடியாச்சு, எடுத்ததை அழிச்சாச்சு. ஒப்பந்தத்துல இருக்கறது அவ்வளவுதான். எங்க வாசகர் பேரை நான் யாருக்கும் தர்றதில்ல. வேணும்னா உங்க மேலதிகாரியைப் பேசச் சொல்லுங்க."

மேலதிகாரியும் பேசினார். அவரிடமும் அதையேதான் சொன்னாள். மதியத்துக்குள் எல்லா இதழ்களும் திறந்துகொண்டன.

கொழுந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணின்னா அண்ணிதான்! வீட்டுப் பையனை விட்டுக்கொடுக்கலையே நீங்க!"

"அட போப்பா! எனக்கு ஆகவே ஆகாதவன் மாட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

அவன் சுருதி இறங்கியது. "சரி அண்ணி, என் கணக்கை எப்ப திறப்பீங்க?"

நூலகர் நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆகாதவனுக்கு எப்ப திறப்பேனோ, அப்பதான் தம்பி."