அலமாரியில் என் பாதி

இருபது வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால்தான் என் வீட்டுக்காரர் என்னை "போஸ்ட் மேடம்" என்று கூப்பிடுகிறார். அவர் வெளிநாட்டில் பஸ் டிப்போ மெக்கானிக். நாற்பது வயதுக்கு மேல் கல்யாணம். ஆன ஐந்து வருடத்தில் ஒன்றாக இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த முறை மூன்று மாத விசிட்டர் விசாவில் வந்தேன். கணவரோடு தங்குவதற்கு அதை நீட்டித்துத் தரும்படி இங்கிருந்தே விண்ணப்பித்தோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஒரு கட்டம் விடவில்லை. கிடைத்தால் ஒரு வருடம் இருக்கலாம். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சேர்ந்துதான் வாழ்கிறோமா என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம்.

அனுமதி கைக்கு வரும்வரை பெட்டியைப் பிரிப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாதம் வந்தபோது, ஆசை ஆசையாக எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கினேன். கிளம்பும் நாளில் அவர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக மடித்து எடுத்தேன். அந்த வேதனை ஒரு தடவை போதும். இப்போது எது வேண்டுமானாலும் கட்டிலுக்கு அடியிலிருக்கும் பெட்டியிலிருந்து எடுப்பேன். துவைத்து மடித்து அதிலேயே வைப்பேன்.

"அண்ணி, நீங்க அண்ணன் வீட்டுக்குப் போனீங்களா, லாட்ஜுக்குப் போனீங்களா?" என்று நாத்தனார் போனில் கிண்டல் செய்தாள்.

எனக்கு வேறோர் எரிச்சல். சமையலறை மூலையில் மூன்று அட்டைப்பெட்டிகள். அவருடைய குளிர்காலக் கோட்டு, கம்பளிச் சட்டை, பழைய யூனிஃபார்ம் எல்லாம் அதற்குள். குக்கரை எடுக்கப் போனால் முழங்காலில் இடிக்கும்.

"என்னங்க, இது வீடா, குடோனா? அலமாரியில அந்தப் பக்கம் சும்மாத்தானே கிடக்கு?"

"இருக்கட்டும் மேடம்," என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். விசா முடிய அன்றைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. கணவர் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதிகாரியே ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதை, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல், ஓர் ஆண்குரல் அதிலிருந்து தமிழில் சொன்னது.

குளியலறையில் ஒரே ஒரு டூத்பிரஷ். என்னுடையது பெட்டிக்குள் இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். படுக்கையறை அலமாரியைத் திறந்தார். இடப்பக்கம் என் வீட்டுக்காரருடைய சட்டைகள். வலப்பக்கம் வெறும் ஹேங்கர்கள்.

"உங்க துணியெல்லாம் எங்கன்னு கேக்குறாங்க," என்றது போன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன். ஜிப்பைப் போட்டால் கிளம்பிவிடலாம், அவ்வளவு கச்சிதம்.

"ஊருக்குக் கிளம்புறீங்களான்னு கேக்குறாங்க."

ஒரு காலிக் கட்டத்துக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! என்னுடைய காலிக் கட்டம் இப்போது கதவு திறந்து கிடந்தது.

"இல்லைங்க. பயம். அடுக்கி வச்சா, மறுபடி மடிச்சு எடுக்க வேண்டி வந்துடுமோன்னு பயம்."

போன் அதைச் சொன்னது. அதிகாரியின் முகத்தில் மாற்றமில்லை. சமையலறைக்குப் போனவர் அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து கோட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருடையது, அலமாரியில இடம் இருக்கும்போது ஏன் இங்க இருக்குன்னு கேக்குறாங்க."

என் வீட்டுக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கையில் கிரீஸ் ஒன்றுமில்லை, டிப்போ பழக்கம்.

"என்னுதுதாங்க. அலமாரியில இடம் இல்ல. அது அவ பாதி. ரெண்டு வருஷம் முன்னாடி அவ துணிய மடிச்சு எடுத்துட்டுப் போனா. அந்த இடத்துல என் துணிய வைக்க மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்."

போனிலிருந்த குரல் இந்த முறை நிறுத்தி நிறுத்தி அதை அந்த அம்மாளிடம் சொன்னது. அவர் கோட்டை மடித்து, இருந்தபடியே வைத்தார். முடிவு தபாலில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் எனக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு வருஷமாவா? வாயத் திறந்து சொன்னா என்ன? இந்தப் பெட்டியில இடிச்சுக்கிட்டு உங்களத் திட்டிக்கிட்டே இருந்தேனே!"

"நீ பிரிக்க மாட்டேன்னு பிடிவாதமா இருந்த. இதச் சொல்லி உன்ன வேற கஷ்டப்படுத்தணுமா?"

அதற்குமேல் கோபம் நிற்கவில்லை. அழுதுவிட்டேன். அழுதபடியே பெட்டியைக் கட்டில்மேல் தூக்கிவைத்துப் புடவை, ரவிக்கை, சுடிதார் எல்லாவற்றையும் வலப்பக்கம் அடுக்கினேன். டூத்பிரஷை அவருடையதன் பக்கத்தில் வைத்தேன். காலியான பெட்டிக்குள் அவருடைய கோட்டுகளையும் கம்பளிச் சட்டைகளையும் அமுக்கி, ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"முடியாதுன்னு தபால் வந்தா எதுல எடுத்துட்டுப் போவ?" என்றார்.

"வரட்டும், பாத்துக்கலாம்."

பதினோராம் நாள் தபால் வந்தது. கவரைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை, நான்தான் பிரித்தேன். ஒரு வருடம். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இத எங்க பத்திரமா வைக்கிறது மேடம்?"

"என் பாதியில வைங்க," என்றேன்.