சோத்தாங்கைப் பக்கம்

என் சிப் செத்துவிட்டது என்று நினைத்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது ஒரு சின்னக் கம்பெனி. ஒரு பலகையில் வரிசையாகக் குட்டி ஆன்டெனாக்கள் இருக்கும், எதுவும் அசையாது. ஒவ்வொன்றுக்கும் போகிற அலையைத் துளித்துளியாகத் தாமதப்படுத்தினால், எல்லாம் ஒரே கற்றையாகச் சேர்ந்து, சொன்ன பக்கம் சாயும். அந்தத் தாமதத்தைச் செய்வது என் சிப். மற்ற சிப்கள் கரண்ட்டைக் குடித்துக் கொதிக்கும். இது கொஞ்சூண்டில் ஓடும். இன்று கற்றை திரும்பாவிட்டால் இதை மூட்டை கட்டிவிட்டு வெளிநாட்டுச் சிப் வாங்கப்போவதாக முதலாளி செங்கல்வராயன் சொல்லிவிட்டார். அதையும் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

சோதனை அறைக்குள் வெற்றிச்செல்வன் இருந்தார். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவர், வேலைக்குப் புதிது. நான் வெளியே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன்; கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது. "ரைட்ல வைங்க" என்று இன்டர்காமில் சொன்னால், "ரைட் மேடம்" என்று 'சரி' சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அப்படியே இருந்துவிடுவார். அதனால் கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னேன்.

"ஆன்டெனா பாக்குற பக்கமே பாத்து நில்லுங்க. ரிசீவரை சோத்தாங்கைப் பக்கம் வைங்க."

"வச்சிட்டேன் மேடம்."

கற்றையை வலப்பக்கம் திருப்பினேன். ரிசீவரில் கற்றை விழுந்தால் திரையில் கோடு எழும்ப வேண்டும். எழும்பவே இல்லை. மறுபடி திருப்பினேன். அப்படியே கிடந்தது. பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்த சிப். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

வெற்றிச்செல்வன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "இன்னா மேடம், அழுதுகினு கீறீங்க?"

"ரிசீவர் எந்தப் பக்கம் இருக்கு?"

"சோத்தாங்கைப் பக்கந்தான்." இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அது பீச்சாங்கை!" என்று கத்தினேன்.

அவர் தன் கையையே பார்த்தார். "எங்க ஊட்ல இதான் மேடம் சோத்தாங்கை. நான் சோறு துன்றது இதுலதான். சின்ன வயசுல சொந்தக்காரங்கல்லாம் கையத் தட்டி உடுவாங்க. எங்கம்மா உடல. 'எம்புள்ள எந்தக் கைல துன்றானோ அதான் சோத்தாங்கை'ன்னுச்சு. அப்பால ஊட்ல எல்லாருமே அப்டிதான் சொல்வாங்க, எங்க நைனா கூட." தூக்கிய கையை இறக்கினார். "தப்பு என்னுதுதான். சார்கிட்ட நானே சொல்லிட்றேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஒரு பிள்ளை தலை குனியக்கூடாது என்று வலதையும் இடதையும் மாற்றி வைத்துக்கொண்ட வீடு. அதன் மேல் எப்படிக் கோபப்படுவது? நெஞ்சு இளகிவிட்டது.

"போய் மாத்தி வைங்க" என்றேன்.

மாற்றினார். திருப்பினேன். கோடு விருட்டென்று எழுந்து நின்றது. முதலாளி வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். "நம்மளுதே இருக்கட்டும்மா" என்றார்.

என் இடத்திலேயே தனியாகச் சாப்பிடுவதுதான் என் வழக்கம். அன்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வெற்றிச்செல்வனின் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"அந்தாண்ட குந்துங்க மேடம். துன்னும்போது கை இடிக்கும்."

"இடிக்கட்டும்" என்றேன்.