சுண்ணாம்புக் குன்றில் மிருணாளினி

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதமாக மிருணாளினி லா சப்பல் என்ற நகர்ப்பகுதியில் தன் வீட்டு மாடிப்படிகளையே சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினாள். அந்த ஞாயிறு காலை கணவன் கரிகாலனோடும் நாய் பிஜுவோடும் ரயிலேறி நாட்டுப்புறம் போய், செய்ன் நதிக்கரைப் பாதையில் நடந்தாள். வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் பாதை மேலே திரும்பியது.

"இவ்வளவு நடந்ததே காணும். நீர் இஞ்சை இரும்," என்றான் கரிகாலன்.

"நான் இருக்க மாட்டன். பிஜு மேலை போகுது, நானும் போறன்."

நாய் கொஞ்சத் தூரம் ஓடி, திரும்பி நின்று, அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடியது. இரண்டு தரம் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வெள்ளைப் பொடி காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் அப்பியிருந்தது. உச்சியில் நின்று பார்த்தபோது நதி முழுவதும் அவள் காலடியில் வளைந்து கிடந்தது.

"இஞ்சாருங்கோ, ஏறிட்டன்!"

அவள் போட்ட கூச்சலில் பிஜுவும் சேர்ந்து குரைத்தது. கரிகாலன் இன்னும் பாதி வழியில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான்.